புகார் எண் ஒன்று: இரண்டாம் பேட்டரி

மனித குலத்தின் தலையாய கண்டுபிடிப்பு நெருப்பு என்பார் சிலர். சக்கரம் என்பார் சிலர். பாவம், விவரம் தெரியாதவர்கள். தலையாயது புகார்ப் பதிவேடு. நெருப்பு அணைந்தாலும் சக்கரம் கழன்றாலும் அதை எழுதிவைக்க ஓர் இடம் வேண்டாமா?

இந்த உண்மையை உணர்ந்தவர் எங்கள் மேலாளர். மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் நாற்காலி தேயப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தெருவே அவரை இன்னும் 'மேலாளர்' என்றுதான் கூப்பிடுகிறது. அத்தனை வருஷத்தில் ஒரு ஸ்குரூ டிரைவரைக்கூட அவர் தொட்டதில்லை. அப்பேர்ப்பட்ட கை சுத்தம்!

அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். பதினோரு வருஷமாகச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு எடுத்தறியாதவர். இந்த முறை ஒன்பது நாள் கிடைத்தது. அதற்காக யார் யாரிடம் கெஞ்சினார், யாருடைய ஷிஃப்டையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டார் என்பது தனிக் கதை. அவருடைய ஆசை ஒன்றே ஒன்று: கடலோரத்தில் வண்டியை நிறுத்தி, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, அலைச் சத்தத்தில் கண் விழிக்க வேண்டும். அதற்காகத்தான் வாசலில் புத்தம் புது கேம்பர் வேன் ஒன்று வந்து நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், விசிறி, தண்ணீர் பம்ப். எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, இந்தச் சுகங்களுக்கெல்லாம் இரண்டாவதாக இன்னொரு பேட்டரி. வண்டி ஓட ஓட இரண்டாவது பேட்டரி தானே சார்ஜ் ஏறிக்கொள்ளும் என்று விற்றவர் சொல்லியிருந்தார்.

லீவின் முதல் நாள் காலையில் ஒரு வெள்ளோட்டம். மூன்று மணி நேரம் ஊரைச் சுற்றினார்கள். ஓட்டியது மனைவி, மேற்பார்வை மேலாளர். திரும்பி வந்து நிறுத்தியதும் விசிறி முனகிக்கொண்டே நின்றது. ஃபிரிட்ஜ் கப்சிப். குழாயைத் திறந்தால் பம்ப் ஒரு தும்மல் போட்டுவிட்டு அடங்கியது. இரண்டாவது பேட்டரியின் முள் சிவப்பில் படுத்துவிட்டது.

"ஐயையோ, என்னங்க இது? புது வண்டியாச்சே!"

மேலாளர் முகத்தில், ஓய்வு பெற்ற நாளிலிருந்து காணாமல் போயிருந்த ஒரு களை வந்தது. உள்ளே போனார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினார், பையில் பேனாவைச் செருகினார், சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா, என்ன புகார்?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விளையாடாதீங்க. மத்தியானமே கிளம்பணும்."

"எழுத்துல குடுங்க."

"என்னது?"

"வாய்ல சொன்னா நம்பர் போட முடியாது."

சரி, மனுஷருக்கு ஆசை, போகட்டும் என்று மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் அவர் எழுதிக் கொடுத்தார். 'புகார் எண் 1' என்று மேலாளர் பயபக்தியோடு பதிவு செய்தார்.

"ஆச்சா? இப்ப வந்து பாருங்க."

"வரிசைப்படிதான் பார்க்கணும்."

"எனக்கு முன்னாடி வரிசையில யாருங்க நிக்கறா?"

"யாரும் இல்ல. அதுக்காக வரிசையே இல்லன்னு ஆயிடுமா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாராலும் பதில் சொல்ல முடியாது. மனைவி வழிக்குக் கட்டிவைத்த சாப்பாட்டு மூட்டையை அவிழ்த்தார். முதல் நாள் இவ்வாறு இனிதே நிறைவுற்றது.

இரண்டாம் நாள் விசாரணைக் குழு கூடியது. தலைவர், செயலாளர், நடுநிலை உறுப்பினர் என மூன்று பொறுப்புகளையும் தன்னலம் கருதாமல் மேலாளரே ஏற்றுக்கொண்டார். வருகை நூறு சதவிகிதம்.

"நேத்து குழாயை எதுக்காகத் திறந்தீங்க?"

"ரெண்டு தம்ளர் கழுவினேன்."

"ரெண்டும் அவசியமா?"

"அதுல ஒண்ணு நீங்க குடிச்ச தம்ளர்!"

"இது பதிவுக்கு வேண்டாம்" என்று தலைவர் செயலாளருக்கு உத்தரவிட்டார். செயலாளர் பவ்யமாக அந்த வரியை அடித்துவிட்டார். மாலையில் இடைக்கால அறிக்கை வெளியானது: 'நுகர்வோரின் அளவு மீறிய பயன்பாடு காரணமாக இருக்கலாம்.' அளவு மீறிய நுகர்வோர் அதைப் படித்துவிட்டு, எடுத்துவைத்த பெட்டியின் மேலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் கள ஆய்வு. மேஜையிலிருந்து களம் பதினான்கு அடி தூரம். மேலாளர் புறப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு புறப்பட்டார். பேட்டரிப் பெட்டியை மூன்றடி தள்ளி நின்று உற்றுப் பார்த்தார். மூடியைத் திறக்கவில்லை, திறக்கும் அதிகாரம் தொழில்நுட்பப் பிரிவுக்கு மட்டுமே உண்டு. வீட்டில் தொழில்நுட்பப் பிரிவு என்று ஒன்று இல்லாததால், அது அமையும்வரை பொறுத்திருக்கலாம் என்று பரிந்துரைத்துவிட்டுத் திரும்பினார்.

நான்காம் நாள் மனைவி தன் தம்பிக்குப் போன் போட்டார். தம்பிக்கு வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் கடை. கையில் மீட்டரோடு ஓடி வந்தான்.

"அத்தான், மூடியைத் திறங்க. அஞ்சே நிமிஷம்."

"நீ யாரு?"

"என்ன அத்தான், உங்க மச்சினன்!"

"அதான் சொல்றேன். நீ புகார்தாரரோட நெருங்கிய உறவினர். உன்னை விட்டா நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா வானத்தைப் பார்த்தார்.

"சரி, தொடலை. கேட்டுக்கவாவது செய்யுங்க. வண்டி ஓடியும் சார்ஜ் ஏறலை, அவ்வளவுதானே? ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல ஒரு ஃபியூஸ் இருக்கும். வண்டியை அனுப்பும்போது கம்பெனியில அதைக் கழட்டிடுவாங்க. வண்டியோட குடுத்த புத்தகத்துலதான் ஒட்டி வச்சிருப்பாங்க. எடுத்துச் சொருகினா போதும்."

"வாய்மொழிக் கருத்தை ஏத்துக்க முடியாது. மேலும், அந்தப் புத்தகம் சான்றுப் பொருள். சீல் வச்சு பீரோவுல பூட்டியாச்சு. விசாரணை முடியாம வெளிய வராது."

தம்பி மீட்டர் வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினான். "அக்கா, நீ பஸ்லயே போயிடு" என்பதுதான் அவன் விட்டுச்சென்ற தொழில்நுட்ப ஆலோசனை.

ஐந்தாம் நாள் மேலாளர் வேன் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். 'தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது, காத்திருக்கவும்' என்று ஒரு பெண் குரல் ஒன்றரை மணி நேரம் சொன்னது. ரிசீவரை வைக்கும்போது மேலாளருக்குக் கண் கலங்கியிருந்தது. "என்ன பண்பு! ஒரு தடவைகூடக் குரல் மாறலையே!" என்றார்.

ஆறாம் நாள் மனைவி உடைந்துவிட்டார்.

"எனக்கு அழுகையா வருதுங்க. பதினோரு வருஷமா அந்த மருந்து நெடியிலயே கிடக்கேன். காத்தாட நாலு நாள் உக்காரணும்னு ஆசைப்பட்டது ஒரு குத்தமா? பீரோ சாவியைக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மேலாளர் கல்நெஞ்சக்காரர் அல்லர். அவர் நிஜமாகவே உருகிப்போனார். அந்த உருக்கத்தில் புகாரை எடுத்து அதன் தலையில் சிவப்பு மையால் 'அவசரம்' என்று எழுதினார். ஏழாம் நாள் அந்த மை காய்வதில் போயிற்று.

எட்டாம் நாள் காலை, மேலாளர் குளிக்கப் போன நேரத்தில், சட்டைப் பையிலிருந்த சாவியை மனைவி எடுத்தார். பீரோவைத் திறந்து, புத்தகத்தின் மேல் ஒட்டியிருந்த முத்திரையைக் கிழித்தார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், சின்ன பிளாஸ்டிக் உறைக்குள், 'ஓட்டும் முன் பொருத்தவும்' என்ற சீட்டோடு அந்த ஃபியூஸ் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

தலையில் ஈரம் சொட்டச் சொட்ட மேலாளர் வாசலுக்கு ஓடி வந்தபோது, மனைவி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தம்பி சொல்லச் சொல்ல பேட்டரி மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

"தொடாதே! சான்றுப் பொருள்!"

"வார்டுல கரண்டு போச்சுன்னா உங்க ஆபீஸுக்குத்தான் போன் பண்ணுவேன். நம்பர் குடுப்பாங்க. அந்த நம்பரை வச்சுக்கிட்டு டார்ச் வெளிச்சத்துல ஊசி போட்டிருக்கேன்." அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. முப்பத்தோரு வருஷமும் இப்படியேதான் பண்ணீங்களா?"

"இம்மி பிசகாம!" என்றார் மேலாளர், நெஞ்சு நிமிர்த்தி.

"அப்ப அத்தனை வீட்லயும் மறுபடி லைட் எப்படிங்க எரிஞ்சுது?"

மேலாளர் யோசித்தார். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. "அது வந்து… பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, அவங்களே யாரையாவது பிடிச்சு சரி பண்ணிக்குவாங்க."

"நீங்க?"

"நாங்க புகாரை முடிச்சு வச்சுடுவோம்."

மனைவி ஃபியூஸைச் சொருகி, மூடியை இறுக்கி, வண்டியைக் கிளப்பினார். சிவப்பில் கிடந்த முள் எழுந்து மளமளவென்று பச்சைக்கு ஏறியது. உள்ளே விசிறி சுற்றத் தொடங்கியது.

"ஏறுங்க. இன்னும் ரெண்டு நாள் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள கடலைப் பார்த்துடலாம்."

"இதோ, இறுதி அறிக்கைக்கு முடிவுரை மட்டும்தான் பாக்கி. எழுதிட்டு வந்துடறேன்."

அவர் உள்ளே போய், மேஜைக்குப் பின்னால் அமர்ந்து, பேனா மூடியைக் கழற்றியபோது, வேன் பின்னோக்கி நகரும் சத்தம் கேட்டது. பிறகு தெருமுனையில் ஒரு ஹாரன். பிறகு அதுவும் இல்லை.

மேலாளர் எழுந்து வந்து காலி வாசலைக் கண்ணால் அளந்தார். புகார்தாரரை மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தும் பார்த்தார். பிறகு கடமை உணர்ச்சி மேலிட, மேஜைக்குத் திரும்பி, எழுத்துக் கோணாமல் எழுதி முடித்தார்: 'புகார் எண் 1. நேரில் சென்று பார்த்ததில் பழுது ஏதும் இல்லை. புகார்தாரர் வீட்டில் இல்லை. முடிக்கப்பட்டது.'

இதே மூன்று வரியைத் தம் பணிக்காலத்தில் பல்லாயிரம் புகார்களின் அடியில் எழுதிக் கையெழுத்திட்ட பெருந்தகை அவர். அவற்றுள் உண்மையானது இது ஒன்றுதான்.