முட்டை மேடமும் இடம் மாறிய இதயமும்

மதுரையில் ஸ்பீடு பிரேக்கரைத் திட்டாத ஆள் கிடையாது. ஆனால் கீழக்குயில்குடியிலிருந்து கே.கே. நகர் வரைக்கும் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரையும் தனித்தனியாக, அதனதன் தகுதிக்கு ஏற்றபடி திட்டத் தெரிந்தவர் உலகத்திலேயே எங்கள் முட்டை மேடம் ஒருவர்தான். ஸ்கூட்டரின் முன்னால் தெர்மோகோல் பெட்டி, பெட்டிக்குள் கருக்கூடிய நாட்டுக்கோழி முட்டைகள். ஆமை கூட முந்திப் போகலாம் என்கிற வேகத்தில் வருவார். பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனை அலறவிட்டால், "வண்டி நெறைய பச்சப்புள்ளைங்க இருக்கு, நீங்க முந்திப் போங்கண்ணே" என்பார்.

மேடத்துக்கு ஒரு கல்லூரியில் விலங்கியல் வேலை. நிரந்தரம் இல்லை, வருஷா வருஷம் நீட்டிப்பு வாங்கவேண்டும். முட்டைக்குள் கோழிக்குஞ்சு எப்படி உருவாகிறது என்பதுதான் அவர் ஆராய்ச்சி. அரிசி அளவு இருக்கும் கருவை எடுத்து அயோடினில் ஊறவைப்பார், அப்போதுதான் எக்ஸ்ரேயில் தெரியுமாம். வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் அதைச் சுற்றிச் சுற்றி எக்ஸ்ரே எடுத்து, வெங்காயம் நறுக்கின மாதிரி நூற்றுக்கணக்கான படங்களாக வாங்கி வருவார். அவற்றைக் கம்ப்யூட்டரில் அடுக்கினால் முழுக் கருவும் எழுந்து நிற்கும். அதை பிளாஸ்டிக்கில் பெரிதாக்கித் தருவது என் வேலை. என்னுடையது த்ரீடி பிரிண்ட் கடை. பல் டாக்டர்களுக்குத் தாடையும், கல்யாண வீடுகளுக்கு மாப்பிள்ளை பொண்ணு பொம்மையும் அடித்துக்கொண்டு சிவனே என்று இருந்தேன்.

முதல் நாள் பென் டிரைவை நீட்டி, "இத தேங்கா சைசுக்கு அடிச்சுக் குடு செல்வி" என்றார். போர்டில் என் பெயரைப் பார்த்திருக்கிறார்.

"இறாலா மேடம்?"

"கோழிம்மா! ரெண்டரை நாள் வயசு."

மேடத்தின் அயோடின் ஏறிய விரல்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பூக்கடை அக்கா, "மருதாணி நல்லாப் பிடிச்சிருக்கே, எந்தக் கடைல வாங்குனீங்க?" என்று கேட்டதும் அன்றைக்குத்தான்.

ஒரு மாடல் அடிக்க ஒரு பகல் முழுக்க ஆகும். மேடத்துக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. டீக்கடைக்குப் போவார், பாதி டீயோடு திரும்பி வருவார், மெஷின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்ப்பார், அம்மாவுக்குப் போன் போட்டு சௌராஷ்டிர பாஷையில் பொரிந்து தள்ளுவார்.

"இன்னும் எம்புட்டு நேரம்?"

"இப்பத்தான மேடம் கேட்டீங்க?"

"அது அப்ப."

ஒருமுறை அவர் வீட்டில் கரண்ட் போய் இன்குபேட்டர் நின்றுவிட்டது. முட்டைகளை முந்தானையில் பொதிந்துகொண்டு ஓடி வந்தார். என் கடையில் இன்வெர்ட்டர் உண்டு. கதகதப்பாக இருந்த பிரிண்டரின் கதவைத் திறந்து உள்ளே அடுக்கி, தெர்மாமீட்டரைச் செருகிவிட்டுக் காவல் நின்றார். அந்த நேரம் பார்த்துத் தாடை வாங்க வந்த பல் டாக்டர், "கடைல ஆம்லெட்டும் போடுறீங்களா?" என்று கேட்டார். மேடம் பார்த்த பார்வையில் மனுஷன் தாடையை வாங்காமலே போய்விட்டார்.

இப்படி இருந்தவர் ஒருநாள் தரையில் கால் படாமல் வந்தார். கருவில் இதயம் முதலில் நேரான குழாயாக இருந்து, பிறகு வலது பக்கமாக வளையும். எல்லாக் கோழிக்கும் அப்படித்தான். இவர் கண்டுபிடித்த கருவில் இடது பக்கம் வளைந்திருக்கிறது! அடுத்த வாரம் கல்லூரியில் வெளியாட்கள் வந்து ஆராய்ச்சிகளைப் பார்க்கப்போகிறார்கள். அவர்கள் சொல்வதை வைத்துத்தான் நீட்டிப்பு. "இது போதும் செல்வி, இனி என்னை யாரும் அசைக்க முடியாது" என்றார்.

முட்டை கொடுத்த கீழக்குயில்குடி பாண்டி அண்ணனுக்கும் சேதி போனது. அது வெள்ளச்சி போட்ட முட்டைதான் என்று அடித்துச் சொன்னார். மறுவாரம் குழம்பாகவேண்டிய வெள்ளச்சிக்கு அன்றோடு ஆயுள் நீண்டது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனதாம்.

வெளியாட்கள் வரும் கூட்டத்துக்கு முந்தின நாள் மாடல் தயாரானது. சுத்தம் செய்ய எடுத்தேன். இடது பக்கம் பரு மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. பிளேடை எடுத்தேன்.

"பிசிறு ஒண்ணு இருக்கு மேடம், செதுக்கிரவா?"

"தொடாத!" என்று போட்ட சத்தத்தில் பூக்கடை அக்காவே எட்டிப் பார்த்தார்.

எந்தக் கருவை எக்ஸ்ரேக்கு அனுப்பினாலும் அதன் வலது பக்கத்தில் பொடிமணல் அளவு கண்ணாடி மணி ஒன்றை ஒட்டிவைப்பது மேடத்தின் வழக்கம், பக்கம் மாறிவிடக் கூடாது என்று. மாடல் அடிக்கும் முன் கம்ப்யூட்டரில் அதை அழித்துவிடுவார். இந்தத் தடவை சந்தோஷத்தில் மறந்துவிட்டார். வலது பக்கம் ஒட்டிய மணி இடது பக்கம் இருக்கிறது என்றால் மொத்தக் கருவுமே கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கிறது; இதயம் எல்லாக் கோழிக்கும் போல வலது பக்கம்தான் வளைந்திருக்கிறது.

"தலைலருந்து வாலுக்கு அடுக்க வேண்டிய படத்த வாலுலருந்து அடுக்கிட்டேன் செல்வி." முதல்முறையாக அவர் குரல் இறங்கிக் கேட்டேன்.

நான் பிளேடைக் கீழே வைக்கவில்லை. "யாருக்கு மேடம் தெரியப்போகுது? நான் செதுக்கிருறேன்."

மேடம் வாசலுக்கும் மெஷினுக்கும் நடந்தார். கடைசியில், "சரியா அடுக்கித் தாரேன், இன்னொண்ணு அடி. பாண்டி அண்ணன்கிட்ட மட்டும் மூச்சு விட்டுராத. வெள்ளச்சி பாவம்" என்றார்.

உடைந்தால் ஒட்டுவதற்கு என்று சொல்லி என்னையும் கூட்டத்துக்கு இழுத்துப் போனார். மேடையில் மைக் ஒயர் காலில் சுற்றச் சுற்ற நடந்தபடியே, இரண்டு மாடல்களையும் தூக்கிக் காட்டி, தான் ஏமாந்த கதையைத்தான் முதலில் சொன்னார். வந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்தேவிட்டார். "இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே அம்மா?"

மேடம் நின்றார்.

"அது ஒழுங்காத்தான் வளைஞ்சிருக்கு சார். தப்பு என்னோடது. அது மேல எப்படிப் பழி போடுறது?"

பின்வரிசையில் நான் அழுதுவிட்டேன். நீட்டிப்பு வரவில்லை. அதற்கும் சேர்த்து இன்னொரு நாள் அழுதேன், கடையை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு.

இப்போது மேடம் திருச்சிப் பக்கம் வேறொரு கல்லூரியில் இருக்கிறார். அங்கே பிரிண்ட் கடை இல்லாமலா இருக்கும்? ஆனாலும் ஃபைல் எனக்குத்தான் வரும், "இன்னும் எம்புட்டு?" என்ற போனோடு. அடித்து முடித்ததும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிடுவேன்.

"கூரியர்ல போட்டா ஆகாதா?" என்பார் என் வீட்டுக்காரர்.

"ஒடஞ்சிரும்ங்க" என்பேன்.

அந்த பிளாஸ்டிக்கைச் சுவரில் ஓங்கி அடித்தாலும் உடையாது.