கிஸ்லர் தாத்தாவின் தழும்பு

சீட்டு கிடைத்துவிட்டது. ரொட்டிக் கூடைக்கு அடியில் இருந்தது. அது எந்தத் துப்பாக்கியின் சீட்டு என்பதுதான் இப்போது பால்ட்ஸுக்குத் தெரியவில்லை.

சமையலறை மேசையில் இரண்டு பழைய ராணுவத் துப்பாக்கிகள் கிடந்தன. ஒரே ஏலத்தில் வாங்கியவை, அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகள். தோளில் பதியும் மரக்கட்டையின் அடியில் இருக்கும் இரும்புத் தகட்டைக் கழற்றினால், சிலவற்றில் அந்தக் காலத்துச் சிப்பாய் தன் பெயரை எழுதி மடித்து வைத்த சீட்டு இருக்கும். இவற்றில் ஒன்றில் இருந்தது: யோசெஃப் கிஸ்லர், ஊர்ப் பெயரோடு. மற்றதில் ஒன்றுமில்லை. பால்ட்ஸ் இரண்டையும் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, அவன் மனைவி ரோஸ்லி சாப்பாட்டுக்காக மேசையை ஒதுக்கிவிட்டாள்; துப்பாக்கிகள் இடம் மாறின, சீட்டு காணாமல் போனது.

"ரெண்டுல ஒண்ணு. ஏதாவது ஒண்ணுல வச்சு மூடு. உருளைக்கிழங்கு ரோஸ்டி ஆறுது," என்றாள்.

"அவர் கையில தப்பானதைக் குடுக்கச் சொல்றியா? அடுத்தவன் பொண்டாட்டியைக் கொண்டுபோய் விட்ட மாதிரி இருக்கும்."

"அறுபது வருஷம் கழிச்சுப் போனா, எவன் கண்டுபிடிப்பான்?"

பால்ட்ஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் இருந்தது. அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து, சனிக்கிழமை தன் துப்பாக்கிச் சங்கத்துச் சுடும் மைதானத்துக்கு வரச்சொல்லி அவரை அழைத்தாயிற்று. அவர் மகள் அக்னெஸ் போனில் சொன்னது காதிலேயே நின்றது: "அம்மா போனதுலேருந்து அப்பா வாசல் தாண்டல. நீங்க கூப்பிட்டப்புறம் தானா சவரம் பண்ணிக்கிட்டாரு." அப்படிப்பட்ட மனுஷனை ஏமாற்றலாமா?

கிழவரையே சாமர்த்தியமாகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து போன் போட்டான்.

"ஐயா, உங்க ராணுவப் புத்தகத்துல துப்பாக்கி நம்பர் இருக்குமே?"

"அது வெள்ளத்துல போச்சு தம்பி."

"வேற அடையாளம் ஏதாவது?"

மறுமுனையில் கிழவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "தழும்பு ஒண்ணு இருந்துச்சு. பாறையில இடிச்சது. கட்டையில வலப்பக்கம், விரல் நீளம்," என்றார்.

பால்ட்ஸ் இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குழந்தை கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தன. நடுவில் வைத்திருந்த எவனோ இழைத்துத் தேய்த்திருக்கிறான், வேறென்ன? கிழவரோ தழும்பைத் தேடுவார். இல்லையென்றால் அந்த முகம் என்னவாகும்?

மரத்தில் ஈ உட்கார்ந்தாலும் ஊதிவிட்டுத் துணியால் துடைப்பவன் அவன். சீட்டை ஏதோ ஒன்றில் வைத்து மூடினான். வீட்டுச் சாவியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அதன் வலப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் போட்டான்.

கீறிய கை ஆறுவதற்குள் அக்னெஸ் கூப்பிட்டாள். "அப்பா யோசிச்சுப் பாத்தாராம். தழும்பு இடப்பக்கமாம்."

இடப்பக்கமும் கீறினான். வலப்பக்கத்துக் கீறலை மறைக்கக் கறுப்புப் பாலிஷைத் தேய்த்தான். பாலிஷ் மரத்துக்குள் இறங்கி, உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப் பரவியது.

ரோஸ்லி எட்டிப் பார்த்தாள். "அடுப்புல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு. இன்னொண்ணை நான் பூட்டி வைக்கிறேன், அதாவது பொழைக்கட்டும்."

சனிக்கிழமை கிஸ்லர் கோட்டும் தொப்பியுமாக, அக்னெஸோடு வந்து இறங்கினார். சங்கத்துக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பால்ட்ஸ் துப்பாக்கியை நீட்டினான். கிழவர் மடியில் வைத்து, இடப்பக்கத்துத் தழும்பை விரலால் தடவினார். கண் நிறைந்தது.

"இதேதான் தம்பி."

வலப்பக்கம் திருப்பினார். 

"இந்தக் கறுப்பு," என்று அதில் விரலை வைத்தார் கிழவர். "பனிக்காலத்துல அடுப்புப் பக்கம் சாத்தி வச்சேன். அன்னிக்குக் கருகினது."

நேற்று மாலை பூசிய பாலிஷ் அது. பாவம், ஞாபகம் அவரையே ஏமாற்றுகிறது என்று பால்ட்ஸுக்கு நெஞ்சு கனத்தது. கிழவர் படுத்துக்கொண்டு ஆறு தோட்டா சுட்டார். ஒன்று இலக்குப் பலகையில் பட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டு கோப்பை காபி குடித்தார், ராணுவத்துக் கதை நாலு சொன்னார், சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க இவனுக்கு முள் குத்தியது.

பொறுக்க முடியாமல் சங்கத்துச் சமையலறைக்குள் போனான். அக்னெஸ் பேரிக்காய் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அது உங்க அப்பாவோட துப்பாக்கியான்னு எனக்கே தெரியாது. சீட்டு மாறிப் போச்சு. அந்தத் தழும்பு நான் சாவியால போட்டது. அவர்கிட்ட நானே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அவள் கத்தியை நிறுத்தவில்லை. ஒரு பெரிய துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள்.

"சொல்லாதீங்க, பாவம், அவருக்குச் சங்கடமாப் போயிடும். அப்பாவுக்குத் தட்டைப்பாதம், ராணுவத்துல ஒரு நாள்கூடச் சேத்துக்கல. இந்தப் பள்ளத்தாக்குல யோசெஃப் கிஸ்லர் ஏழு பேரு. ஆனா பாருங்க, இந்த வருஷம் துப்பாக்கியைத் தூக்கிட்டு மூணு பேரு வந்தீங்க, மூணுலயும் அவர் சொன்ன தழும்பு இருந்துச்சு."