பதகளி அண்ணையின் ஒரே சீர்திருத்தம்

இத்தாலியின் பலெர்மோவில் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முந்திப் போகிறவர்கள் நிறையப் பேர். பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் முந்திப் போகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். எதற்கெடுத்தாலும் பதறிப் பதகளிப்பதால் அவர் பதகளி அண்ணை. சொந்தப் பெயரை நாங்கள் எல்லோரும் மறந்தே போனோம்.

அவரும் நானும் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் மாலைப் பள்ளியில் ஒரே வகுப்பு. பெரியவர்களுக்கு எட்டாம் வகுப்புச் சான்றிதழ் தருகிற பள்ளி. அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஆஸ்பத்திரி உதவியாளர் கோர்ஸில் என்னைச் சேர்க்க மாட்டார்கள், எனக்கோ அதுதான் கனவு. அண்ணையின் படிப்பை வன்னியில் சண்டை பாதியில் நிறுத்திவிட்டது. காலையில் ஓர் உணவகத்தில் மீன் துப்புரவாக்கிவிட்டு, பின்னேரம் கொப்பியோடு வந்து, கதவு திறக்க முன்பே வாசலில் நிற்பார்.

பத்துப் பேர் சேர்ந்தால் மூன்று பேர்தான் முடிப்போம். போன வருடம் பள்ளி அதிபர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார், எட்டுப் பேராவது பாஸாகாவிட்டால் மாலை வகுப்பை மூடிவிடுவாராம்.

வியாழன் பின்னேரம் வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு லீவு. அன்றைக்கு அவசரக் கூட்டம் போட்டோம்.

"பாடத்தைக் குறைக்கச் சொல்லுவம்" என்றார் ஒருவர்.

"வடை குடுத்தால் ஆக்கள் வருவினம்" என்றார் ஒரு அக்கா. உளுந்து வடையோ கடலை வடையோ என்று அரை மணி நேரம் வாக்குவாதம். வகுப்பை வியாழனுக்கு மாற்றலாம் என்று யாரோ சொல்ல, கலவரமே வரப் பார்த்தது. கிடைக்கிற ஒரே மத்தியான நித்திரையை யார் விட்டுக்கொடுப்பது?

பதகளி அண்ணை பத்து நகங்களையும் கடித்து முடித்துவிட்டு எழுந்தார். "இஞ்சை ஒருத்தரும் படிப்பு ஏறாமல் விடேல்லை. வகுப்புக்கு வராமல்தான் விட்டவை. நேரத்துக்கு வீட்டிலையிருந்து வெளிக்கிடுத்தினால் காணும்."

"ஆர் வெளிக்கிடுத்திறது?"

"நான் போன் எடுக்கிறன்."

எடுத்தார். பின்னேரம் ஐந்து மணிக்கு, "பிள்ளை, வெளிக்கிட்டாச்சோ?" ஐந்து பத்துக்கு, "செருப்புப் போட்டாச்சோ?" ஐந்தேகாலுக்கு, "படியிறங்கிறன் எண்டு சொல்லுறாய், படிச் சத்தம் கேக்கேல்லையே!" ஒருவர் போனை நிறுத்தி வைத்துப் பார்த்தார். அண்ணை நேரே போய் வீட்டு மணியை அடித்தார்.

என் சினோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, என்னை நேரத்துக்கு விடுவதில்லை என்று கேள்விப்பட்டு, பள்ளிக் கடதாசிக் கட்டோடு போர்கோ வெக்கியோவில் நான் வேலை செய்யும் வீட்டுக்கே வந்துவிட்டார். பதற்றத்தில் அவர் கதைத்த இத்தாலியன் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் சினோராவின் வயதான தாயார் அவரைப் பெரிய பேராசிரியர் என்று நினைத்துக் கோப்பி கொடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து ஐந்து மணிக்கு எனக்கு விடுதலை.

எங்கள் பத்துப் பேரில் ஒருவர் இடையில் இங்கிலாந்துக்குப் போய்விட, மிச்சம் ஒன்பது பேரும் பரீட்சை வரை வந்து சேர்ந்தோம்.

வாய்மொழிப் பரீட்சை மூன்று மணிக்கு. இரண்டுக்குள் வந்துவிடுவோம் என்று சொல்லி, சினோராவின் குடும்பம் மீன் சாப்பிட ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனது. இரண்டே காலாகியும் ஆளில்லை, போனும் எடுக்கவில்லை. தாயாரைத் தனியே விடமுடியாது. அப்போது போன் அடித்தது.

"வெளிக்கிட்டாச்சோ?"

விஷயத்தைச் சொல்லி அழுதுவிட்டேன்.

பஸ்ஸை நம்பாமல் ஓடியே வந்தார். "நான் அம்மாவோடை இருக்கிறன், நீ ஓடு பிள்ளை."

"உங்கடை பேர் கூப்பிட்டால்?"

"என்ரை பேர் கடைசி. காலமையே பட்டியல் பாத்திட்டன்."

ஓடினேன். பள்ளிக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது, அது பதகளி அண்ணையின் பெயர். மூன்று முறை கூப்பிட்டு, ஆளில்லை என்று கோடு போட்டுவிட்டார்களாம்.

நாங்கள் எட்டுப் பேரும் பாஸ். வகுப்பு தப்பியது. ஆனால் அவர் பரீட்சைக்கு இருந்து நான் வராமல் விட்டிருந்தாலும் எட்டுப் பேர்தானே? வகுப்புக்காக அவர் ஓடிவந்திருக்கத் தேவையே இல்லை. அந்தக் கணக்கு அவருக்குத் தெரியாதா என்ன?

திரும்பிப் போய்க் கேட்டேன். "ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?"

"முதல் ஆளாப் போய் இருக்க எனக்குப் பதகளிப்பு, பிள்ளை" என்றார், வாழ்நாள் முழுக்க எங்கேயும் முதல் ஆளாகவே போய் நின்ற மனிதர். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இந்த வருடம் அவருக்குத் திரும்பவும் பரீட்சை. அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே நான் போன் எடுத்தேன்.

"அண்ணை, வெளிக்கிட்டாச்சோ?"

"விடிய வந்து வாசலிலை நிக்கிறன். வகுப்பிலை புதிசாச் சேர்ந்த அந்த மட்டக்களப்புப் பிள்ளை போன் எடுக்கிறாள் இல்லை. ஒருக்கா போய்ப் பாத்திட்டு வரட்டோ?"

"அசையாதேங்கோ! ஆர் வராட்டிலும் நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

சொல்லிக்கொண்டே செருப்பைப் போட்டேன். சத்தம் அவருக்குக் கேட்கட்டும் என்று, போனைக் கையில் பிடித்தபடி, படிகளைப் பலமாக மிதித்து இறங்கினேன்.