மார்னியின் வெண்ணெய்க் கட்டியும் என் நாலு சொட்டு எண்ணெயும்

அன்புள்ள டோரிஸ் அக்காவுக்கு,

தம்பி வெண்டல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ரூத்தும் மகள் மார்னியும் சுகம். விஸ்கான்சின் பனி ஜன்னல் விளிம்பு வரை கிடக்கிறது. அங்கே டூலூத்தில் உன் முழங்கால் வலியும் ஜீன் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சனிக்கிழமை நீ போனில் "பந்தயம் என்னடா ஆச்சு?" என்று கேட்டபோது அடுப்பில் சூப் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். சூப்பெல்லாம் ஒன்றுமில்லை. பக்கத்தில் மார்னி நின்றிருந்தாள். அவள் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வெட்கம்.

சாரணர் குழுவின் மரக்கார் பந்தயம் உனக்குத் தெரிந்ததுதான். எல்லாருக்கும் ஒரே அளவில் கையடக்கமான பைன் மரக்கட்டை, நாலு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்கு நாலு ஆணி. எஞ்சின் கிடையாது, சரிவில் விட்டால் தானாக உருண்டு போகணும். இருபத்தாறு வருஷமா கதிரறுக்கும் மெஷின் ரிப்பேர் பண்ணுகிறவன் வீட்டில் ஒன்பது வயசுப் பெண் கார் செய்கிறாள் என்றால் நான் சும்மா இருப்பேனா? ஆனால் அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள், "அப்பா, ரம்பம் பிடிக்கிறது மட்டும் உங்க வேலை." அந்த ரம்பத்துக்கும் வேலை வரவில்லை. கட்டையின் மூலையைக்கூடச் சீவாமல் மஞ்சள் பெயிண்ட் அடித்தாள், பார்க்க அசல் வெண்ணெய்க் கட்டி. "இதுவாடி காரு? காத்தைக் கிழிச்சிக்கிட்டுப் போக வேணாமா?"ன்னேன். "காத்து அப்புறம்பா, முதல்ல ஆணி"ன்னா. ஆணித் தலைக்கு அடியில் பொடிப் பிசிறு இருக்குமாம், அதை அரத்தால் எடுத்து, சொரசொர உப்புத்தாள், வழவழ உப்புத்தாள், அப்புறம் தண்ணீர் தொட்டு இன்னும் மெல்லிசான ஒன்று என்று தேய்த்து, கடைசியில் பென்சில் கரி மாதிரி ஒரு பொடியைத் தூவி சக்கரத்தைச் சுண்டினால் அது ஒரு நிமிஷத்துக்கு மேல் சுத்துது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரூத் அவளைச் சறுக்கு விளையாடக் கூட்டிக்கொண்டு போனாள். கார் கொட்டகையில் நானும் வெண்ணெய்க் கட்டியும் தனியா. கை அரிச்சுது அக்கா. என் தொழிலில் சுத்துகிற எதுவும் எண்ணெய் கேட்கும். சக்கரத்துக்கு ஒரு சொட்டு, நாலே சொட்டு மெஷின் ஆயில் விட்டேன். கரிப்பொடியும் எண்ணெயும் சேர்ந்து கறுப்புச் சேறாயிடுச்சு. சுண்டிப் பார்த்தேன், ஒன்பது செகண்டில் நின்னுபோச்சு. காரை இருந்த இடத்திலேயே வெச்சுட்டேன். மறுநாள் அவள் சுண்டிப் பார்த்துட்டு, "யாராவது தொட்டீங்களாப்பா?"ன்னு கேட்டா. "குளிர்ல இரும்பு சுருங்கும்மா"ன்னேன். "ஓ"ன்னா, அவ்வளவுதான்.

அப்புறம் நாலு சாயங்காலம் நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்? பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துட்டேன். சக்கரத்தையெல்லாம் சாராய நெடி அடிக்கிற திரவத்தில் கழுவினா. பஞ்சு சுத்தின குச்சியால் துளைக்குள்ள துடைச்சா. ஆணிகளை மறுபடி முதலிலிருந்து தேய்ச்சா. ஒரு ஆணியைத் தூக்கிக் காட்டினா, அதுல என் மூக்கு தெரிஞ்சுது. சாய்ச்சு வெச்ச பலகையில் காரை உருட்டி, அது இடப்பக்கம் ஒதுங்கினா ஆணியை ஒரு மயிரிழை திருப்புவா. மறுபடி உருட்டுவா. முன்சக்கரம் ஒன்றைத் தரையில் படாம தூக்கி வெச்சா. "நாலு சக்கரம்னா நாலும் உருளணும்டி"ன்னேன். "படாத சக்கரம் உரசாதுப்பா"ன்னா. கடைசி நாள் ஒரு சக்கரத்தைச் சுண்டி என் காதுகிட்ட கொண்டுவந்தா. சத்தமே இல்லை. சுத்துதா நிக்குதான்னே தெரியலை. கடிகாரத்தில் எழுபத்தொரு செகண்ட். எங்க பட்டறையில் இத்தனை வருஷத்தில் இப்படி ஒண்ணு சுத்தி நான் பார்த்ததில்லை.

பந்தயம் சர்ச் நிலவறையில். எங்கள் தெரு பிரோட்ஸின்ஸ்கி தன் பையன் காரை வெல்வெட் பெட்டியில் கொண்டுவந்தார், வெள்ளி நிறத்தில் ராக்கெட் மாதிரி. வெண்ணெய்க் கட்டியைப் பார்த்து, "ரொட்டி எங்கம்மா?"ன்னார். முதல் சுற்றில் ரொட்டி இல்லாமலே ஜெயிச்சோம். இரண்டாவதும் ஜெயிச்சோம், ஆனா முடிவுக் கோட்டைத் தாண்டிப் போய் மோதினதில் பின்சக்கரத்து ஆணி பிதுங்கிடுச்சு. சரிபண்ண அஞ்சு நிமிஷம் கொடுத்தாங்க. மார்னி சுத்தி நின்னு சிரிச்சவங்க யாரையும் பார்க்கலை. "அப்பா, காரைப் பிடிங்க, உங்க கை நடுங்காது"ன்னா. பிடிச்சேன், ஆனா வாய் சும்மா இருக்கலை. "மார்னி, அந்த எண்ணெய் நான்தாம்மா விட்டேன்"னேன். அவ ஆணியிலிருந்து கண்ணை எடுக்கலை. "தெரியும்பா. உங்க சட்டை பூரா அந்த வாசனைதானே. ஆடாம பிடிங்க."

இறுதிச் சுற்றில் ராக்கெட் ஜெயிச்சுது, ஒரு செகண்டை ஆயிரமாப் பிரிச்சு அதில் மூணு பங்கு வித்தியாசம். எனக்குத்தான் கண் கலங்கிச்சு. அவ நேரா அந்தப் பையன்கிட்ட போய், குனிஞ்சு சக்கரத்தைப் பார்த்து, "இதை எப்படிப் பண்ணே?"ன்னா. "எனக்குத் தெரியாது, அப்பா தொடவே விடலை"ன்னான். மார்னி அவன் தோளைத் தட்டிட்டு, "எங்கப்பாவும் ஆசைப்படுவார். கொஞ்சம் கவனமா இருக்கணும்"னா.

அத்தானுக்கு என் வணக்கம் சொல்லு. உங்கள் இருவருக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தையும் சீக்கிரம் ஒரு வசந்தத்தையும் தரட்டும்.

உன் தம்பி,
வெண்டல்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மார்னி இதைப் படித்துவிட்டாள். நான் எண்ணெய் விட்டது போன வருஷத்துச் சக்கரங்களாம். அதற்கு முந்தின வாரம் முழுக்க நான் காரையே சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்துவிட்டு, முந்தின நாள் சனிக்கிழமையே புதுச் சக்கரங்களையும் ஆணிகளையும் கழற்றி ரூத்தின் தையல் டப்பாவில் வைத்துவிட்டு, காரில் பழசை மாட்டிவிட்டாளாம். பந்தயத்தில் ஓடினது அந்தப் புதுசுதானாம். "அப்போ நாலு நாள் எதுக்குடி அந்தப் பழசைப் போட்டுத் தேய்ச்சே?"ன்னு கேட்டேன். "நீங்க பக்கெட் மேல உட்கார்ந்து அவ்வளவு ஆசையா பார்த்துக்கிட்டிருந்தீங்களேப்பா, நிறுத்த மனசு வரலை"ன்னா.