வசந்தம் ஃபிளாட்ஸின் பருவகாலக் கொள்கை

மனித குலம் இயற்கையோடு முறைப்படி ஒப்பந்தம் செய்துகொண்ட இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால், பால் பூத்தை ஒட்டிய சந்தில் இருக்கிறது. பெயர் வசந்தம் ஃபிளாட்ஸ். மூன்று மாடி, எட்டு வீடு, ஒரு லிஃப்ட். லிஃப்ட் மனசு வந்தால் ஓடும், வராவிட்டால் நிற்கும். அந்தக் கட்டடத்தில் முதலில் ஞானம் பெற்றது அதுதான்.

இரண்டாவதாகப் பெற்றவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெஃப்ரி. பெருங்குடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே. போன ஜனவரியில் போட்ட இலக்குகளில் ஒன்றைக்கூட நீங்கள் தொடவில்லையே என்று மேலதிகாரி 'அன்போடு' விசாரித்த அன்று மாலை, அவர் இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தார். 'பருவத்தோடு பயணம்' என்று பெயர். நடத்திய அம்மணி பனி கொட்டும் ஏதோ ஒரு ஊரிலிருந்து பேசினார். "கரடி குளிர்காலத்தில் தூங்குகிறது. மரம் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கிறது. நீங்கள் மட்டும் ஏன் வருஷம் முழுக்கப் பழுக்க வேண்டும்?" என்று அவர் கேட்டதும் ஜெஃப்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து தன்னைச் சோம்பேறி என்று நம்பிக்கொண்டிருந்த மனிதர் அவர். அம்மா சொன்னார், வாத்தியார் சொன்னார், பங்குச் சாமியார்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் இவரைப் பார்த்தே சொன்னார். அத்தனை பேரும் தவறு. ஜெஃப்ரி சோம்பேறி இல்லை. 'பருவம் தவறி இலக்கு விதிக்கப்பட்டவர்.'

மந்தைவெளியில் கரடி கிடையாது. பனியும் கிடையாது. காம்பவுண்டில் இருப்பது ஒரு முருங்கை. எத்தனை முறை வெட்டினாலும் மறுபடி தழைத்துக் காய்த்துத் தள்ளுகிறது. ஓய்வின் அருமை தெரியாத அந்த மரத்தை ஜெஃப்ரி இரக்கத்தோடு பார்ப்பார்.

தான் பெற்ற இன்பத்தைச் சங்கத்துக்கும் தர அவர் முடிவு செய்தார். மார்ச் மாதப் பொதுக்கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் கூடியது. தரைத்தளத்தில் பாதி கார் நிறுத்துமிடம். மீதிப் பாதி கைசர் ஜஹானின் வீடு. அந்த அம்மா கல்யாணப் பெண்களின் ரவிக்கைகளில் ஆரி வேலை செய்து கொடுப்பவர். கூடத்தில் மரச்சட்டங்களில் பட்டுத் துணியை இழுத்துக் கட்டி, ஜரிகையும் மணியும் கோத்துக்கொண்டே இருப்பார். தி. நகரில் புடவை எடுக்கும் பெண்கள் ரவிக்கைக்கு இங்கேதான் வருவார்கள்.

அவருக்கு ஒரே கோரிக்கை. காம்பவுண்டுக்குள் ஓடும் மழைநீர்க் கால்வாய் மண்ணடைத்துக் கிடக்கிறது. அதைத் தூர் வார வேண்டும். இரண்டு ஆளுக்கு ஒருநாள் வேலை.

"போன மழைக்குத் தண்ணி என் வாசப்படி வரிக்கும் வந்து நின்னுச்சு தம்பி. அடுத்த மழைக்கு உள்ளாறதான் வரும். தை மாசக் கல்யாண வேலையெல்லாம் அப்ப உள்ளதான் இருக்கும்" என்றார்.

ஜெஃப்ரி எழுந்து நின்றார். "அக்கா, உங்க உணர்வை மதிக்கிறேன். ஆனா இது விதைக் காலம். இப்ப எண்ணத்தை மட்டும்தான் விதைக்கணும். செயல்ல இறங்கினா விதை கெட்டுப்போகும்."

"சாக்கடையில இன்னா தம்பி விதைக்கிறது?"

தூர் வாரும் 'எண்ணம்' ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு வேலையைச் செய்யாமலே செய்த திருப்தி கிடைப்பது சாதாரண விஷயமா? நாமாக இருந்தாலும் தட்டியிருப்போம்.

மே மாதம் வந்தது. கைசர் ஜஹான் மறுபடி கேட்டார். மூன்றாவது மாடி பட்டாபி மாமாவுக்கு அதுவரை இந்தப் புதுக் கொள்கையில் நம்பிக்கை இல்லை, இப்போது வந்துவிட்டது. "கத்திரி வெயில்ல மண்ணை வெட்டச் சொல்றது பாவம்மா. எங்காத்துல ஏசியைப் போட்டுண்டு படுத்தாலே மூச்சு முட்டறது."

"காலைல வெள்ளனயே ஆளு வருவாங்க மாமா."

"காலை நேரம் உள்முகமாத் திரும்ப வேண்டிய நேரம்" என்றார் ஜெஃப்ரி. அவர் எட்டரைக்கு எழுந்திருப்பவர்.

ஜூலையில் ஆடி பிறந்தது. ஆடியில் யாராவது புதுக் காரியம் ஆரம்பிப்பார்களா என்று பட்டாபி மாமா கேட்டார். இது புதுக் காரியம் இல்லை, பழைய சாக்கடை என்று கைசர் ஜஹான் சொன்னதை யாரும் ஆட்சேபிக்கவில்லை, கேட்கவும் இல்லை. பனி நாட்டு ஞானமும் பாம்புப் பஞ்சாங்கமும் ஒரே கருத்தைச் சொல்கின்றன என்று ஜெஃப்ரி வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். பதினொரு கும்பிடும் ஒரு தாமரையும் வந்தன.

செப்டம்பர் அறுவடைக் காலம். அதாவது சாதித்தவற்றை அமைதியாக எண்ணிப் பார்க்கும் காலம். ஜெஃப்ரி பெரிய திரையில் படம் போட்டுக் காட்டினார்.

"கால்வாய் என்னாச்சு?" என்றார் கைசர் ஜஹான்.

"அது 'முளைவிடும் நிலை'யில் இருக்குக்கா."

அது பொய் இல்லை. கால்வாய் மூடியின் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. பட்டாபி மாமா அதற்குத் தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார்.

அன்றிரவு சாப்பிடும்போது ஜெஃப்ரியின் மனைவி ஜெசிகா கேட்டாள். "ஏங்க, ஒரு ஃபோன் பண்ணா ரெண்டு ஆளு வந்து அள்ளிட்டுப் போயிடுவாங்க. அதுக்கு எதுக்கு இத்தனை பருவம்?"

"உனக்கு ஆற்றலோட சுழற்சி புரியல ஜெஸ்ஸி."

"புரியுது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ட்டு வந்து சமைக்கிறேன், பாத்திரம் கழுவறேன், துணி மடிக்கிறேன். நீங்க சுழலாம இருக்கறதுக்கு யாராவது சுழலணுமே."

ஜெஃப்ரி மோர் ஊற்றிக்கொண்டார். பிறகு பால்கனிக்குப் போய், தூர் வாரும் ஆளின் எண்ணை எடுத்தார். அழைத்தால் எப்போது வருவீர்கள் என்று கேட்க வேண்டும். கூலி பேச வேண்டும். வரவில்லை என்றால் மறுபடி அழைக்க வேண்டும். நினைக்கும்போதே உடம்பு கனத்தது. உடம்பு சொல்வதைக் கேளுங்கள் என்று பனி நாட்டு அம்மணி சொல்லியிருந்தார். கேட்டார். ஃபோனைக் கீழே வைத்துவிட்டார். அப்போது நெஞ்சில் சுருக்கென்று ஏதோ குத்தியது. அதுவும் உடம்பு சொன்னதுதான். அதை மட்டும் அவர் கேட்கவில்லை.

அக்டோபரில் வானம் கறுத்தது. கைசர் ஜஹான் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே இரண்டு ஆட்களைக் கடப்பாரையோடு கூட்டிவந்துவிட்டார். கூலியும் அவர் பணம். ஜெஃப்ரி படியில் தடதடவென்று இறங்கி வந்தார். அந்த வருஷத்தில் அவர் அவ்வளவு வேகமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

"அக்கா, பொது இடத்துல செயலாளர் அனுமதி இல்லாம கை வைக்கக் கூடாது. விதியில இருக்கு."

"அப்ப குடு தம்பி அனுமதி."

"தனிநபர் அவசரம் கூட்டு ஆற்றலைக் குலைச்சிடும். நவம்பர்ல கூடிப் பேசுவோம்."

ஆட்கள் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார்கள். உண்மைக் காரணம் ஜெஃப்ரிக்குத் தெரியும். தாம் இத்தனை மாதம் தள்ளிப்போட்டதை அந்த அம்மா ஒரு காலைப் பொழுதில் முடித்துவிட்டால், அப்புறம் கொள்கைக்கு என்ன மரியாதை? செயலாளருக்குத்தான் என்ன மரியாதை?

நவம்பர் கூட்டம் தூறல் காரணமாக ஒத்திவைக்கப்பட்டது.

டிசம்பர் பிறந்ததும் ஜெஃப்ரி ஆவலோடு காத்திருந்த 'ஆழ்ந்த ஓய்வுக் காலம்' ஆரம்பித்தது. ஒரு போர்வை வாங்கினார். கதகதப்பான காலுறை வாங்கினார். மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, போர்வைக்குள் வியர்த்தபடி கரடியாகப் படுத்தார். அந்த வாரமே வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானது. ஒரு நாள் முழுக்க மழை கொட்டித் தீர்த்தது.

மறுநாள் காலை கீழேயிருந்து சத்தம் கேட்டு இறங்கினார். கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர். கால்வாய் எதையும் வெளியே விடவில்லை. தெருவில் இருந்ததையும் உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது. கைசர் ஜஹான் தன் கூடத்தில் ஒரு மரச்சட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொன்று தண்ணீரில் மிதந்தது. அதில் அரக்குச் சிவப்புப் பட்டு. சாயம் இறங்கி, தங்க ஜரிகை மீது சேறு பூசியிருந்தது.

"அக்கா" என்றார் ஜெஃப்ரி.

"பேச்சு அப்பால. இத்தைப் புடி."

பிடித்தார். மேலே கொண்டுபோனார். இறங்கினார், மறுபடி தூக்கினார். ஜெசிகாவும் வந்து சேர்ந்துகொண்டாள். லிஃப்ட் ஓய்விலிருந்தது. எத்தனை முறை ஏறி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. மூச்சு இரைத்தது. இவ்வளவு ஆற்றல் தனக்குள் இருந்தது தெரிந்தபோது அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை, அவமானமாக இருந்தது. மதியத்துக்குள் அவருடைய கூடம் ஆரிக் கூடமானது. சோபா இருந்த இடத்தில் சட்டங்கள். போர்வை ஈர மணிகளை உலர்த்தப் பயன்பட்டது.

மூன்று ரவிக்கைகள் போயே போய்விட்டன. தை மாதத்தில் மணையில் உட்கார வேண்டிய ஒரு பெண்ணின் அம்மா ஃபோனில் அழுதது கூடம் முழுக்கக் கேட்டது. கைசர் ஜஹான் அவரைச் சமாதானப்படுத்தினார். தனக்காக அழவில்லை. அது ஜெஃப்ரிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த ஞாயிறு அவசரக் கூட்டம். கீழே சேறு காயாததால் ஜெஃப்ரியின் கூடத்திலேயே கூடினார்கள். பட்டாபி மாமா சட்டங்களுக்கு நடுவே நாற்காலியைச் செருகி உட்கார்ந்து, "இயற்கையோட சீற்றத்துக்கு முன்னாடி மனுஷா எம்மாத்திரம்" என்று ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்.

ஜெஃப்ரி எழுந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முந்தின நாளிலிருந்தே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். வாய் திறந்ததும் பழக்கதோஷம் முந்திக்கொண்டது.

"அக்கா, ரொம்ப வருத்தமா இருக்கு. நாம எல்லாரும் இயற்கையோட ஒத்துப்போகக் கத்துக்கணும். வர்ற மார்ச்சுல, விதைக் காலம் தொடங்கின உடனே முதல் எண்ணமா..."

கைசர் ஜஹான் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"மழை ஒத்துப்போய்க்கினுதான் கீது தம்பி. வருஷா வருஷம் அதோட மாசத்துல வருது. வரப்போறேன்னு சொல்லிட்டு வருது. வந்த வேலைய முடிச்சுட்டுத்தான் போவுது. நீங்கதான் எந்த சீசன்லயும் வரல."