மைத்துனர் கொடுத்த பெட்டி மீது முதல் தகவல் அறிக்கை

ராஜபாளையம்,
ஆவணி 25, செவ்வாய்க்கிழமை காலை.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் விஜயபாண்டிக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரர் கருத்தப்பாண்டி, ஓய்வு பெற்ற காவல் நிலைய எழுத்தர், எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காள் சுந்தரம்மாளும் ஒரே வீட்டில் தனித்தனியாக நலம். சிங்கப்பூரில் நீங்களும் தங்கை வெங்கடேஸ்வரியும் பிள்ளைகளும் ஒன்றாக நலமாக இருக்க ஆண்டாள் அருள் புரியட்டும். மகாராஜபுரத்து வயலில் நெல் பச்சை கட்டி நிற்கிறது. நிற்க.

நீங்கள் போன பொங்கலுக்கு வந்தபோது, "மச்சான், நாங்க புது வீட்டுக்குப் போறோம், இது உங்ககிட்ட இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போன, உள்ளேயே ஹார்ட் டிஸ்க் வைத்த டிவிடி ரெக்கார்டர் பெட்டி மீது இந்தப் புகாரை எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம். சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், அடுப்படியில் இருந்து உங்கள் அக்காளும் கேட்டுக்கொண்டிருப்பாள். தவிர, முப்பத்தொரு வருடம் ஊரார் புகாரையெல்லாம் எழுதியவன் நான். என் புகாரையும் எழுத்தில் கொடுத்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

மேற்படி பெட்டி வந்த முதல் வாரமே அதன் குணம் தெரிந்துவிட்டது! மாலை ஏழு மணி சீரியலைத் தானாகவே பதியும்படி நேரம் குறித்துவிட்டு, அக்காளும் நானும் வத்திராயிருப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், ஒரு மணி நேரமும் ராசிக்கல் மோதிர விளம்பரம்! என்ன விஷயம் என்றால், இந்தப் பெட்டிக்குக் கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸில் சானல் மாற்றத் தெரியாது. அதில் எந்தச் சானல் ஓடுகிறதோ அதைத்தான் பயபக்தியோடு பதியும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம்தான் சரியான சானலை வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். அப்புறம் என்ன தானியங்கி! சரி என்று அடுத்த முறை ஒழுங்காகப் பதிந்து, அதை ஒரு டிவிடி தட்டில் ஏற்றி, செட்டியார்பட்டியில் என் தங்கச்சி செல்வலட்சுமிக்குக் கொடுத்து அனுப்பினேன். மறுநாளே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட்டாள், "அண்ணே, வெறுந் தட்டை எதுக்கு அனுப்புனீக?" என்று ஒரு போன் வேறு. பதிந்த தட்டைக் கடைசியில் ஒரு முறை முத்திரை வைத்து மூட வேண்டுமாம், இல்லையென்றால் இந்தப் பெட்டியைத் தவிர வேறு எந்தப் பெட்டியிலும் அது ஓடாதாம். மூட வைத்தேன். இருபது நிமிடம் ஆகும் என்றது, பத்தொன்பதாவது நிமிடம் கரண்ட் போனது! அந்தத் தட்டு இப்போது கொய்யா மரத்தில் தொங்கி அணிலை விரட்டுகிறது. அதிலாவது ஒரு பிரயோஜனம்.

இதெல்லாம் சில்லறைக் குற்றம், மன்னித்துவிட்டேன். பெரிய சம்பவத்துக்கு வருகிறேன்.

உங்கள் அக்காள் முழங்கால் வலியோடு ஆறு மாதமாகக் கோலாட்டம் பழகியது உங்களுக்குத் தெரியும். எட்டுப் பெண்கள், நம் பக்கத்து வீட்டு யோகேஸ்வரிதான் அக்காளுக்கு ஜோடி. இருபது வருடச் சிநேகிதம், சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் போகாத நாள் கிடையாது. ஆடிப்பூரத் தேர் அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில், தேருக்கு முன்னால் ஆட இவர்களுக்கு இடம் கிடைத்துவிட்டது! உள்ளூர் கேபிளில் நேரலை! நான் வேட்டியெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். அக்காள் சொன்னாள், "நீங்க வர வேண்டாம். தம்பி குடுத்த பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து ஒரு அடி விடாம பதிஞ்சு வைங்க. உங்களுக்கு அதான் வேலை." ஆடும்போது இடைஞ்சலாக இருக்கும் என்று எட்டுப் பேர் கைப்பேசியும் ஒரு மஞ்சப்பைக்குள் போய்விட்டன. ஆக, மொத்த ஆட்டத்துக்கும் ஒரே சாட்சி, மேற்படி பெட்டி.

சம்பவ நாளன்று காலை ஆறு மணிக்கே கரண்ட் போய், ஏழு மணிக்கு வந்தது. வந்ததும் பெட்டியில் இருந்த கடிகாரம் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று கண் சிமிட்டியது. அதைத் திருத்த நேரமில்லை, சரியான சானலை வைத்துப் பதியும் பொத்தானை அமுக்கிவிட்டு உட்கார்ந்தேன். அது பதிகிறதா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஊமைப் பெட்டி. எட்டு மணிக்கு, நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது, போன். நீங்கள்தான்! தேர் தெரியுதா மச்சான் என்று கேட்டீர்கள், பேச முடியாது மாப்பிள்ளை, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன், அதற்கு நீங்கள் சொன்ன வார்த்தை எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது: "அட, நிறுத்துற பொத்தானை அமுக்கிட்டு நிம்மதியா பேசுங்க மச்சான். நேரலையையே நிறுத்தி வைக்கலாம். விட்ட இடத்துல இருந்து காட்டும்." அமுக்கினேன். நாதஸ்வரக்காரர் உப்பிய கன்னத்தோடு அப்படியே நின்றார்! எனக்கு என்ன சந்தோஷம் என்கிறீர்கள்! ஒரு தேரோட்டத்தையே ஒற்றை விரலில் நிறுத்திவிட்டேனே! ஒரு மணி நேரம் உங்களிடம் பேசினேன். தேர்தான் நிற்கிறதே என்று குளித்தேன். தேர்தான் நிற்கிறதே என்று ஏழு இட்லி சாப்பிட்டேன், பேப்பர் படித்தேன், அந்தத் தடித்த விளக்கப் புத்தகத்தில் நாற்பது பக்கம் படித்தேன். பதினொன்றரை மணிக்கு மேலே நிதானமாக உட்கார்ந்து பொத்தானை விடுவித்தேன். நாதஸ்வரக்காரர் கன்னத்தை இறக்கினார். செத்த நேரத்தில் மேளம் மாறியது, எட்டுப் பேரும் வந்து நின்றார்கள், மூலையில் 'நேரலை' என்று சிவப்பு எழுத்து, நடுவில் மாம்பழ மஞ்சள் சேலையில் உங்கள் அக்காள்! முதல் பாட்டு ஆரம்பித்து முதல் சுற்றுகூட முடியவில்லை, வாசலில் செருப்புச் சத்தம்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் உங்கள் அக்காள்! அதே மஞ்சள் சேலை, தலையில் அதே பூ, கையில் கோல். டிவியைப் பார்க்கிறேன், ஆடிக்கொண்டிருக்கிறாள். வாசலைப் பார்க்கிறேன், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

"ஏட்டி, நீ எப்படி இங்கன? நீ அங்கன ஆடிக்கிட்டுல்ல இருக்க?" என்றேன்.

"ஆடி முடிச்சு, தேர் கிளம்பி, பிரசாதம் வாங்கி, பஸ் ஏறி வந்துட்டேன். உங்களுக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சா?" என்றாள்.

அந்தப் பதற்றத்தில் என் விரல் எதையோ அமுக்கிவிட்டது. திரை நீலமாகிவிட்டது! கோயில் இல்லை, தேர் இல்லை, அக்காள் இல்லை. வாசலில் நின்ற அக்காள் மட்டும் இருந்தாள். அவள் தண்ணீர் குடித்துவிட்டு, "எப்படி இருந்துச்சு?" என்றாள். பிரமாதம் என்றேன். "மூணாவது பாட்டு?" என்றாள். அதுதான் எல்லாவற்றிலும் பிரமாதம் என்றேன். அவள் செம்பைக் கீழே வைத்தாள். "மூணாவது பாட்டுலதான வரிசையே குலைஞ்சு போச்சு? அந்த யோகேஸ்வரி வலது பக்கம் திரும்ப வேண்டியவ இடது பக்கம் திரும்பி, அம்புட்டு பேரும் முட்டிக்கிட்டு நின்னோமே. நீங்க என்னத்தப் பார்த்தீக?"

அன்றைக்கு ஆரம்பித்தது. தப்பாகத் திரும்பியது யோகேஸ்வரிதான் என்று அக்காள், இல்லை மதினிதான் என்று யோகேஸ்வரி. "பெட்டியில பதிஞ்சிருக்கு, பார்த்துருவோமா?" என்று அக்காள் சுவருக்கு மேலேயே சவால் விட்டுவிட்டாள். நான் பதிவுப் பட்டியலைத் திறந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். ஆடிப்பூரத் தேதியில் ஒன்றுமே இல்லை! கேபிள்காரரிடம் ஓடினேன், "லைவ் போடுறதோட சரி சார், நாங்க எடுத்து வைக்கிறதில்ல" என்றார். மெக்கானிக் பால்ச்சாமியிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினார். 'இது எந்த ஊர் பாஷையோ எனக்குப் புரியவில்லை, சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. அவர் 'சரி' என்று அமுக்கப் போனார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்த பிடியில், "சார், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று பதறிவிட்டார். அந்தப் பெட்டியில் எழுதியதை அந்தப் பெட்டி மட்டும்தான் படிக்குமாம். என்ன அகம்பாவம் பாருங்கள்!

ஒரு மாதம் ஆகிறது. சுவருக்கு மேலே கிண்ணம் போவது நின்றுவிட்டது. மார்கழிக்கும் ஆட வரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது, இந்த இரண்டு பேரும் முகம் பார்க்காமல் எப்படிக் கோல் தட்டுவார்கள்? மற்ற ஆறு பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். என்னிடம் உங்கள் அக்காள் பேசுவது ஒரே வாக்கியம்தான்: "ஒரு பொத்தானைப் பார்த்துக்கிடத் துப்பில்ல." அவளுக்கு வருத்தம் அது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆறு மாதம் பழகினாள், கட்டின புருஷன் பார்க்கவில்லை.

ஆகவே, மேற்படி பெட்டியில் காணாமல் போன கோலாட்டத்தை மீட்பதற்குச் சிங்கப்பூரில் யாரையாவது விசாரித்து உடனே வழி சொல்லவும். வழி இல்லையென்றால் அடுத்த முறை வரும்போது பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவும். இரண்டில் ஒன்று நடந்தே ஆக வேண்டும்.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகள் நூறு வயது இருக்க வேண்டும், கரண்ட் போகாத ஊரிலேயே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த உங்கள் மச்சான்,
கருத்தப்பாண்டி

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): புகார் வாபஸ்! மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகக் கொள்ளவும்!

பெட்டியைத் திருப்பித் தருவதென்றால் உள்ளே இருப்பதற்கு முறையாக மகஜர், அதாவது பொருள் பட்டியல், எழுத வேண்டாமா? நீங்கள் சிங்கப்பூரில் பதிந்து வைத்திருந்த கால்பந்து, சீனச் சமையல் எல்லாவற்றையும் புதன்கிழமை முதல் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக எழுதினேன். கொடுக்கும்போது நீங்கள் சொன்ன கணக்கு நூற்று நாற்பத்து மூன்று. நான் பதிந்த சீரியலையும் மோதிர விளம்பரத்தையும் கழித்து நான் எண்ணியது நூற்று நாற்பத்து நான்கு! எல்லாவற்றுக்கும் முதலில், நீங்கள் அந்தப் பெட்டியை வாங்குவதற்கும் முந்தின தேதியில், 2000 ஜனவரி ஒன்று என்று ஒரு பதிவு. திறந்தால் நாதஸ்வரக்காரர்! நான் திரையை நிறுத்தி வைத்தபோதும் பெட்டி உள்ளே பதிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. கரண்ட் போனதில் பெட்டியின் நாளும் கிழமையும் ஆரம்பத்துக்கே போய்விட்டிருக்கிறது, நான் கடைசிப் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் போட்ட சத்தத்தில் அக்காள் ஓடி வந்தாள், ஒரு நொடி பார்த்தாள், நேரே சுவருக்குப் போய், "ஏட்டி யோகேஸ்வரி, வா, வந்து உன் கண்ணாலயே பாரு" என்று கூப்பிட்டுவிட்டாள். யோகேஸ்வரியும் வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது பாட்டு வந்தது.

மாப்பிள்ளை, இடது பக்கம் திரும்பியது உங்கள் அக்காள்தான்.

நான் கூரையைப் பார்த்தேன். அப்போது யோகேஸ்வரி சொன்னாள், "டிவியில இடது வலதா மாறித்தான் தெரியும் மதினி. கண்ணாடி மாதிரி." அக்காள் செத்த நேரம் அவளையே பார்த்தாள். "ஆமா, தம்பி குடுத்த பெட்டிதான, கோளாறு பிடிச்சது" என்றாள். பொறவு, "இருடி, கொழுக்கட்டை வச்சிருக்கேன்" என்று எழுந்து போனவள் உள்ளே வெகு நேரம் நின்று கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் வந்தாள். அவர்களுக்குப் பின்னால் கட்டியிருந்த உபயதாரர் பேனரில் எழுத்தெல்லாம் நேராகத்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆக, உங்கள் பெட்டி இடதை வலதாகக் காட்டும் என்று இரண்டு வீட்டிலும் முடிவாகிவிட்டது. கிண்ணம் போக ஆரம்பித்துவிட்டது.

இன்னும் ஒரே ஒரு குறையை மட்டும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். நேற்றுச் சாயங்காலம் அக்காள், "அந்த ஆட்டத்தை அழிச்சிருங்க" என்றாள். அழிக்கிற பொத்தான் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மூன்றாவது பாட்டில், முட்டிக்கொண்டு நின்ற பிறகு, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிக்கிறாள். முப்பத்தைந்து வருடமாக என் எதிரில் அவள் தப்பே செய்ததில்லை, அதனால் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததும் இல்லை. அவள் கோயிலுக்குப் போகிற நேரமெல்லாம் இப்போது அதைத்தான் பார்க்கிறேன். அதனால், இந்தப் பெட்டியில் பதியலாம், அழிக்க மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் போன் செய்து கேட்பாள்.

ஆமாம் அக்கா என்று சொல்லிவிடுங்கள்.