நண்டு படம் போட்ட ரிக்கார்டு

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிளறின குப்பைமேடு மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு; அதிலும் பாதி நாள் கடற்கரையில். சின்ன ‘ர’வும் பெரிய ‘ற’வும் என்னோடு இன்றுவரை சமாதானம் ஆகவில்லை. அச்சுக் கோக்கிற தம்பி பொறுமையாகத் திருத்திக்கொள்ள வேண்டும். எழுதாமல் வாயால் சொல்லலாம் என்றால், நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. மைக்செட் வைத்துப் பிழைத்தவனுக்கு மைக்கில் பேச வராது. (“மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ” மட்டும் நன்றாக வரும். த்ரீக்கு மேலே ஒன்றும் வராது.)

எழுபதுகளில் தூத்துக்குடியில் பொன்னையா அண்ணாச்சியின் சவுண்டு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் திருவிழா எதுவானாலும் மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவதும், வயர் இழுப்பதும், ரிக்கார்டு போடுவதும் என் வேலை. முதலில் சாமி பாட்டு, பிறகு சினிமா பாட்டு. ஊருக்கே தெரிந்த வரிசை.

ஒருநாள் துறைமுகத்தில் நின்ற கப்பலிலிருந்து ஒரு தாடிக்காரன் கடைக்கு வந்தான். கப்பலில் ரேடியோ பார்க்கிறவன். அவனுடைய ரிக்கார்டு பிளேயரில் ஊசி உடைந்துவிட்டது. மாற்றிக் கொடுத்தேன். சும்மா இருக்கட்டுமே என்று ஒரு நல்ல சங்கும் கொடுத்தேன். அவன் சங்கைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு ரிக்கார்டை என் கையில் திணித்தான். எந்த நாடு என்று கேட்டேன். சொன்னான், புரியவில்லை. உடம்பை நடுக்கிக் காட்டினான். குளிர் தேசம் என்று தெரிந்துகொண்டேன்.

அந்த ரிக்கார்டு கடைகளில் கிடைக்காது என்று கையாலேயே சொன்னான். தரையைச் சுட்டிக்காட்டி, கீழே, கீழே என்றான். உதட்டில் விரலை வைத்தான். யாரோ நாலைந்து சிநேகிதர்கள் வீட்டுக்குக் கீழே ஓர் அறையில் உட்கார்ந்து, ஊருக்குத் தெரியாமல் வாசித்தது என்று பிற்காலத்தில்தான் விளங்கியது. அன்றைக்கு நான் புரிந்துகொண்டது வேறு. பூமிக்கு அடியிலிருந்து எடுத்த பாட்டு என்று நம்பினேன். (சிரிக்காதீர்கள். முத்து கடலுக்கு அடியில் கிடைக்கும்போது, பாட்டு பூமிக்கு அடியில் கிடைக்கக் கூடாதா?)

கப்பல் வரும்போதெல்லாம் தாடிக்காரன் ரிக்கார்டு கொண்டுவந்தான், நான் சங்கு கொடுத்தேன். உறையில் இருந்ததை எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொன்றிலும் நானே படம் வரைந்து வைத்தேன். மீன் படம் போட்டதில், நாதஸ்வரத்துக்கு வயிற்றுவலி வந்த மாதிரி ஒரு குழல் துடிக்கும், பின்னாலேயே டிரம் தட்டுத்தடுமாறி ஓடிவரும். தோணி படத்தில் கிட்டாரை யாரோ ரம்பம் வைத்து அறுப்பார்கள். சங்கு படத்தில் ஒரு பெண் சொல்லே இல்லாமல் பாடுவாள். சண்டை போடுகிறாளா, தாலாட்டுகிறாளா, கண்டுபிடிக்க முடியாது. நண்டு படத்தில் முதலில் வெறும் மணிச் சத்தம். ரொம்ப நேரத்துக்கு மணிதான்.

முதல் தடவை கேட்டபோது எனக்கும் சிரிப்புதான் வந்தது. பிறகு, அண்ணாச்சி மத்தியானம் சாப்பிடப் போகும் நேரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு, பைத்தியம் பிடித்துவிட்டது. சினிமா பாட்டில் அடுத்தது என்ன வரும் என்று ஊசிக்கே தெரியும். இதில் யாருக்கும் தெரியாது. வாழ்க்கையில் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான், அடுத்தது என்ன என்று தெரியாமல் சந்தோஷமாக இருந்தது, கடையில் பிளேயர் பக்கத்தில் நான் உட்கார்கிற அந்த முக்காலியில் மட்டும்தான்.

“ஏலே சூசை, யாரோ தகரத்த ரோட்டுல இழுத்துட்டுப் போறான்னு வெளிய வந்து பாத்தேன். நம்ம கடையில இருந்துதான் வருதா? நிறுத்துலே, கடைக்கு வாரவன்லாம் எதுத்தாப்புல போயி நிக்கான்” என்பார் அண்ணாச்சி.

அப்படி ஒரு மத்தியானம் நண்டு ரிக்கார்டு ஓடிக்கொண்டிருந்தபோது, மகன் கல்யாணத்துக்கு மைக்செட் பேச தொம்மை மாமா வந்தார். எனக்குத் தூரத்துச் சொந்தம். தெற்கே ஒரு கடற்கரை ஊரில் சொந்தமாக வள்ளம் வைத்திருந்தார். (ஊர் பேர் வேண்டாம். இன்னமும் அடிக்க வருவார்கள்.) கூடவே அவர் மகள் பிலோமி. அவள் வாசலில் நின்று மணிச் சத்தத்தைக் கேட்டாள்.

“இது என்ன பாட்டு? இதுக்குப் பெறவு என்ன வரும்?”

என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். கையிலிருந்த இன்னொரு ரிக்கார்டைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன். அதற்குள், “ஏளா பிலோமி, பஸ்ஸு போயிரும், வா” என்று மாமா கூப்பிட, மணி முடியும் முன்னால் அவள் போய்விட்டாள்.

அன்று சாயந்தரம் என் அக்கா ரோசம்மாவிடம் மென்று விழுங்கிச் சொன்னேன். அப்பா அம்மா இல்லாத எனக்குப் பெண் கேட்கப் போக அவள்தான் உண்டு.

“கல்யாணத்துக்கு மொத நாளு பந்தி முடிஞ்சதும் கேக்கேன். வயிறு நெறைய மீனு தின்ன மனுசன் மாட்டேன்னு சொல்லமாட்டாரு. நீ மட்டும் எதையும் கெடுத்துத் தொலையாத” என்றாள்.

கெடுத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மாமா வீட்டுத் தென்னைமரத்தில் கடலைப் பார்க்க ஒரு குழாய், தெருவைப் பார்க்க ஒரு குழாய் கட்டினேன். மாமாவும் ஊர் ஆட்களும் பந்திக்குச் சீலா மீன் பிடிக்க வள்ளங்களில் போயிருந்தார்கள். தூரம் இல்லை, கரைக்கு எதிரே, பார் என்று நாங்கள் சொல்கிற கடலடிப் பாறைக்குப் பக்கத்தில்தான் வலை விட்டிருந்தார்கள். வீட்டின் பக்கத்து அறையில் மாமாவின் அப்பா சந்தியாகு தாத்தா நெஞ்சுச்சளியோடு படுத்திருந்தார். நைலான் வலை வாங்கினதில் தகப்பனுக்கும் மகனுக்கும் சண்டை வந்து, வருஷக் கணக்காகப் பேச்சு கிடையாது. எல்லாம் பிலோமி வழியாகத்தான். “ஒங்க அப்பன்ட்ட சொல்லு, கூரை ஒழுவுதுன்னு.” “ஒங்க தாத்தாட்ட சொல்லு, எனக்குக் கண்ணு இருக்குன்னு.”

மாதா பாட்டு ஆயிற்று. சினிமா பாட்டுகள் ஆயிற்று. பிலோமி முற்றத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எனக்குத் திடீரென்று வீரம் வந்தது. வாயால் சொல்ல முடியாததை ரிக்கார்டு சொல்லட்டும், அவள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கட்டும் என்று நண்டு ரிக்கார்டை எடுத்து வைத்தேன்.

இரண்டு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. கடையில் சின்ன ஸ்பீக்கரில் அந்த மணி, கரண்டியால் டம்ளரைத் தட்டுவது போலத்தான் கேட்கும். இங்கே பெரிய குழாய். அதோடு, காலையிலிருந்து ஓடிப் பிளேயரின் செல் இறங்கிவிட்டிருந்தது. தட்டு சோம்பேறித்தனமாகச் சுற்றியது. கடைசியாகப் பாடின சினிமா பாடகருக்கே ஜலதோஷம் பிடித்திருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

டங்... ஒரு பெரிய இடைவெளி. டங்... இன்னொரு இடைவெளி.

எங்கள் கரையில் கோயில் மணி ஒற்றை ஒற்றையாக இப்படி விழுந்தால் அது துக்க மணி. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கடலில் இருக்கிறவன் வலையை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்ப வேண்டும். அடக்கம் முடிகிறவரை ஒருத்தரும் கடலுக்குப் போகமாட்டார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று வேறு நன்றாக அடித்து, என் மணியைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போனது.

தெருவில் பெண்கள் எல்லோரும் எழுந்து சிலுவை போட்டார்கள். “யாருக்கு? யாருக்கு?” என்றார்கள். உடம்பு சரியில்லாதவர் ஊரில் ஒருவர்தான். “ஐயோ, சந்தியாகு தாத்தா!” என்று ஒருத்தி ஆரம்பிக்க, தெருவே ஒப்பாரி வைத்தது. நானும் தாத்தாவுக்காகக் கண் கலங்கினேன். (ஆமாம். மணி அடிக்கிறவனே நான்தான் என்று எனக்கு உறைக்கவில்லை.)

கோயிலில் மணி அடிக்கிற உபதேசியார், பாதிச் சவரம் செய்த முகத்தோடு ஓடிவந்தார்.

“நான் அடிக்கலம்மா! கோயிலு பூட்டிக் கெடக்கு! கயிறு அசையல, மணி மட்டும் அடிக்கி!”

அற்புதம், புதுமை நடந்துவிட்டது என்று இரண்டு பேர் முழங்காலில் விழுந்தார்கள். உபதேசியார் காதைத் தீட்டிக்கொண்டு நாலு திசையும் பார்த்தார். கடைசியில் தென்னைமரத்தைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். குழாயிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே வந்து என்னைப் பார்த்தார். தெருவும் பார்த்தது. நான் ஊசியைத் தூக்கினேன்.

அதற்குள் கடலில் வள்ளங்களின் பாய்கள் கரையை நோக்கித் திரும்பிவிட்டிருந்தன.

“மைக்ல சொல்லுலே! யாரும் சாவல, மீனப் புடிங்கன்னு சொல்லுலே!” என்று அக்கா என் முதுகில் அடித்தாள்.

மைக்கைக் கையில் எடுத்தேன். தெரு முழுக்க என் வாயைப் பார்த்தது. பிலோமியும் பார்த்தாள். மூச்சை இழுத்து, முழுத் தைரியத்தையும் கூட்டிப் பேசினேன்.

“மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ.”

அவ்வளவுதான் வந்தது.

முதல் வள்ளம் தரை தட்டும் முன்பே தொம்மை மாமா தண்ணீரில் குதித்தார். ஊரே பயப்படும் மனுஷன், மார்பில் அடித்துக்கொண்டு, “எப்போவ்! ஒரு வார்த்த பேசாம போயிட்டியே எப்போவ்!” என்று அலறியபடி ஓடிவந்து பக்கத்து அறைக்குள் விழுந்தார்.

தாத்தா கட்டிலில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பியில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

“என்னலே, இப்படி அழுத? யாரு செத்தா?”

“நீதான்!” என்றார் மாமா.

“நானா? எப்ப?”

மாமா அவரைக் கட்டிக்கொண்டார். காப்பி இருவர்மீதும் கொட்டியது. வாசலில் நின்ற எங்களுக்கு, “நனஞ்ச துணிய மாத்துலே, சளி புடிக்கும்” என்று தாத்தா சொன்னது மட்டும் கேட்டது. அதைப் பிலோமியிடம் சொல்லி அனுப்பாமல் நேராக மகனிடமே சொன்னார்.

ஆனால் மீன் இல்லை. திரும்பவும் போய்ப் பிடித்து வர நேரமும் இல்லை. கடைத்தெருவில் பருப்பும் முருங்கைக்காயும் வாங்கி, மீன்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றினார்கள். எங்கள் ஆட்கள் வீட்டில் சாம்பார் வைத்தால் ஒன்று தவக்காலம், இல்லையென்றால் துக்க வீடு. பெண் வீட்டார் வந்து உட்கார்ந்து இலையைப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார்: “சொல்லவே இல்லையே, யாரு தவறிட்டாவ?”

நான் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால், முடிந்தவரை சின்ன உருவமாக உட்கார்ந்திருந்தேன். அக்கா எங்கே என்றே தெரியவில்லை. பந்தி முடிந்ததும் தொம்மை மாமா என்னிடம் வந்தார். கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“அது எந்தக் கோயிலு மணிலே?”

“தெரியாது மாமா. குளிர் தேசம்.”

கடலைப் பார்த்துக்கொண்டே “நல்ல மணி” என்றார். பிறகு, “ஒங்க அக்கா என்னமோ கேக்கணும்னு வந்ததுலருந்து என்னையே சுத்திட்டுத் திரியா. சாம்பார் தின்ன வயித்தோட கேட்டா மாட்டேன்னுதான் சொல்லுவேன். மீனு படுற அன்னைக்கி வரச் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒருநாள் வலை நிறைய மீன் பட்டது. அக்கா போனாள். மாமா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: கல்யாணத்துக்கு மைக்செட் கூடாது. தூத்துக்குடியிலேயே குழாய் கட்டாமல் கல்யாணம் செய்த மைக்செட்காரன் நான்தான். (பொன்னையா அண்ணாச்சி மொய் எழுதிவிட்டு, “காதுக்கு நிம்மதியா ஒரு கல்யாணம்லே” என்றார்.) சந்தியாகு தாத்தா முன்வரிசையில் உட்கார்ந்து சீலா மீன் தின்றார். துக்க மணி அடித்தும் சாகாதவனுக்கு ஆயுசு கெட்டி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கல்யாணம் முடிந்து பிலோமி முதல் தடவை கடைக்கு வந்தபோது, செல்லைப் புதிதாகப் போட்டு, நண்டு ரிக்கார்டை முழுசாகக் கேட்கவைத்தேன். மணி நின்றது. ஒரு நீண்ட மௌனம். பிறகு யாரோ தண்ணீரில் நடந்துபோகிற சத்தம் தூரத்தில் தேய்ந்து தேய்ந்து, முடிந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இம்புட்டுதானா?” என்றாள். “இதுக்கா எங்க வீட்டுல சாம்பார் வச்சோம்?”

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது எதிர்பார்த்ததுபோல் வராவிட்டாலும் அந்தக் கேள்விதான். படம் நன்றாக இல்லையா, பரீட்சையில் மார்க் குறைந்துவிட்டதா, “இதுக்கா சாம்பார் வச்சோம்?” அதோடு நின்றதா? வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் முந்தின நாள் பந்தியில் மீன் குழம்புக்குப் பக்கத்தில் ஒரு சட்டி சாம்பாரும் வைக்கிறார்கள். முதல் கரண்டியை எனக்கு ஊற்றி, எல்லோரும் சேர்ந்து, “ஒன், டூ, த்ரீ” என்று கத்துகிறார்கள்.

இதை எழுதும்போது அடுப்படியிலிருந்து பருப்பு வேகிற வாசனை வருகிறது. பிலோமி அங்கிருந்தே, “எழுதினது போதும், அந்த நண்டு ரிக்கார்ட எடுத்துப் போடுங்க, மாப்பிள்ள வீட்டுக்காரவ வாரதுக்குள்ள ஒருக்கக் கேப்போம். சத்தத்தக் கொறச்சி வைங்க” என்கிறாள்.

தூத்துக்குடி,
1999, ஆவணி மாதம்,
என் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள்.